பைத்தியம் என்று சிரிக்காதீர்கள்!

காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறார்கள். கை ஒடிந்தால் கட்டுப் போடுகிறார்கள். மனம் நோயுற்றால் மட்டும் சிரிக்கிறார்கள்!

"கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று பள்ளிப் பிள்ளைகள்கூடக் கேலி பேசுவது உண்டு. சென்னையில் அரசு மனநலக் காப்பகம் இருக்கும் இடம் அது. நோயைக் குணமாக்கும் இடத்தின் பெயரே வசைச் சொல் ஆகிவிட்டது!

இந்தக் கேலியைக் கற்றுக் கொடுத்தது யார்? சினிமாவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

கலைந்த தலை, கிழிந்த சட்டை, கோணல் சிரிப்பு. இப்படி ஒரு "பைத்தியம்" ஓடி வந்தால் கொட்டகையே சிரிக்கும். வேறு சில படங்களில் மனநோயாளி என்றால் கொலைகாரன். 2005-ல் வந்த "சந்திரமுகி"யில் நோய், பேய் போல ஆடியது. ஒரே இரவில் குணமும் ஆகிவிட்டது! கதைக்கு அது சரி. வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை.

மறைப்பதால் வரும் கேடு

மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் கூறியது. அதாவது, பள்ளிக்கூடப் பருவத்தில்!

தூக்கம் வருவதில்லை. பாடம் மனதில் ஏறுவதில்லை. யாருடனும் பேசப் பிடிப்பதில்லை. ஆனாலும் பையன் வாய் திறப்பதில்லை. திறந்தால் என்ன பட்டம் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே மறைக்கிறான். நோய் முற்றுகிறது.

2012-ல் "3" என்ற படம் வந்தது. அதன் "கொலவெறி" பாட்டை ஊரே பாடியது. கதாநாயகனுக்கு என்ன நோய் என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஒரு சமயம் அடங்காத வேகம், ஒரு சமயம் தாங்காத துயரம். இருமுனைக் கோளாறு என்பது அதன் பெயர். அதை அவன் அன்பு மனைவியிடமே மறைக்கிறான். கதை சோகத்தில் முடிகிறது. ஆனால் மருந்தும், குடும்பத்தின் ஆதரவும் இருந்தால் இந்த நோய் உள்ளவர்கள் நன்றாக வாழ முடியும்.

முள்ளை முள்ளால்...

சினிமா வளர்த்த பயத்தைச் சினிமாவே போக்கலாம். 2016-ல் வந்த "டியர் ஜிந்தகி" என்ற இந்திப் படத்தில், தூக்கம் வராமல் தவிக்கும் இளம்பெண் மனநல ஆலோசகரிடம் போகிறாள். மனம் விட்டுப் பேசுகிறாள். தெளிவு பெறுகிறாள். பேயும் இல்லை, சங்கிலியும் இல்லை!

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய "ஸ்கார்ஃப்" என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம், மனநலத்துக்கென்றே திரைப்பட விழாக்களும் குறும்படப் போட்டியும் நடத்தியிருக்கிறது. இது நல்ல வழி. படம் எடுக்கும் இளைஞன் நோயைப் பற்றி விசாரிக்க வேண்டும். குணமடைந்தவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பேசினால் பயம் போகும். பயம் போனால் கேலியும் போகும்.

பள்ளி ஆண்டு விழா நாடகமும், ஓவியப் போட்டியும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால், படத்தைக் காட்டிவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினால் போதாது. டாக்டர் வந்து பேச வேண்டும். நோயிலிருந்து மீண்டவர் விரும்பினால், அவரும் பேச வேண்டும்.

வீட்டிலும் ஒரு கடமை உண்டு. டி.வி.யில் "பைத்தியக்" காட்சி வரும்போது அப்பா சிரித்தால் பிள்ளையும் சிரிக்கும். "அது நோயப்பா, வைத்தியம் உண்டு" என்று சொன்னால், பிள்ளை அதை மறக்காது. நாளை தன் மனம் சோர்ந்தால் தயங்காமல் வந்து சொல்லும்.

அப்படிச் சொன்னால் திட்டாதீர்கள். மந்திரிக்க ஓடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை கேட்கலாம்.

நோய் வருவது குற்றமல்ல. நோயாளியைப் பார்த்துச் சிரிப்பதுதான் குற்றம்!