வெள்ளை முதலையும் சேற்று அணையும்

1883ஆம் ஆண்டு அக்டோபர் மாதப் பெருமழையில், சிலாங்கூரின் கோலகுபுவில் பழைய அணை ஒன்று உடைந்தது. மாவட்ட அதிகாரி ரேங்கிங் உள்ளிட்டோர் மாண்டனர். அணையைக் காத்த வெள்ளை முதலையை அவர் சுட்டதே காரணம் என்று கதை எழுந்தது. பின்னர், ஆற்றின் தலைப்பில் ஈயம் கழுவியோர் விட்ட மணல் அவ்வூரையே மேடாக்கியது. 1930ஐ ஒட்டி ஊர் இடம்பெயர்ந்து கோலகுபு பாரு ஆயிற்று.

இன்று முதலைக்குப் பதில் 'இயற்கைச் சீற்றம்' என்கிறோம். பெயர் மாறியதேயன்றிப் பழி சுமத்தும் வழக்கம் மாறவில்லை.

சுரங்கக் கழிவென்பது, பாறையை மாவாக அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் எஞ்சும் நீர்ச்சேறு. அதன் நுண்துகள்களிடையே புகுந்த நீர் எளிதில் வடியாது. துகளுக்கும் துகளுக்கும் உள்ள பிடிப்பே அதன் வலிமை. நீரழுத்தம் மிகுந்தால் பிடிப்பு தளரும். திடமாய் நின்றது நொடியில் குழம்பாய் ஓடும். அச்சேற்றின்மீதே அடுத்தடுத்த கரைகளை எழுப்புவது செலவு குறைந்த முறை. 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் 270 உயிர்களைப் பறித்த அணை அவ்வாறு எழுந்ததே. முந்திய ஆண்டுதான் அது உறுதியானதென்று சான்றிதழ் பெற்றிருந்தது! பிரேசில் அம்முறையை முற்றாகத் தடை செய்தது, பிணங்களை எண்ணிய பின்னரே.

நம் நிலம் எத்தகையது? கிள்ளான் கரையோரம் மென்களிமண். அதையொத்த மூவார்க் களிமண்மீது 1980களின் இறுதியில் சோதனைக்காக எழுப்பிய மண்கரை, ஏறத்தாழ 5.4 மீட்டர் உயரத்திலேயே சரிந்தது. சுங்கை பீசி, பூச்சோங் பகுதிகளில் பழைய ஈயக்குட்டைகளின் அடியில் சேறு. மேலே, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை.

"நாட்டிற்குச் சுரங்கம் வேண்டாமா? பொறியியல் வளரவில்லையா?" எனக் கேட்பர். வேண்டும், வளர்ந்தும் உள்ளது. கழிவின் நீரை வடித்து இறுக்கி அடுக்கலாம். கரையை உறுதியான நிலத்தில் வெளிப்புறமாக அகலப்படுத்தி உயர்த்தலாம். இவற்றிற்குச் செலவு மிகுதி; தடை அது ஒன்றே. மிச்சம் பிடிப்பவர் மேட்டில் இருக்கிறார். விலை கொடுப்பவர் ஆற்றோரத்தில் இருக்கிறார். சபாவின் மாமூட் செப்புச் சுரங்கம் 1999இல் மூடப்பட்டது. சுரங்கத்திற்கு ஓய்வுண்டு, கழிவைக் காக்கும் கடமைக்கு ஓய்வில்லை.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே! அருமண் தனிமங்களை அகழ்வது பற்றிய பேச்சு நாட்டில் ஓங்கியுள்ள காலம் இது. ஈயம் தந்த செல்வத்தைப் பாடம் நடத்தும்போது, அது விட்டுச்சென்ற சேற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கழிவு எந்த நிலத்தில் நிற்கும்? மழைநீர் எவ்வழி வடியும்? சுரங்கம் மூடிய பின் காவல் யாருடையது? இம்மூன்றிற்கும் விடை எழுத்தில் கிடைக்கும்வரை எந்த அணையும் எழக் கூடாது. வானம் பெய்வது குற்றமன்று; பெய்யுமென்று அறிந்தும் சேற்றின்மீது கட்டுவதே குற்றம்.