'எல்லாம் கோதுமை பீர்தான்' என்போருக்கு

பெர்லினைக் களமாகக் கொண்ட சிறுகதை ஒன்றின் தமிழாக்கம் சில வாரங்களுக்கு முன் எங்கள் பார்வைக்கு வந்தது. மூலத்தில் ஒரு பெண் நடைபாதை உணவகத்தில் அமர்ந்து 'பச்சை வைஸ' ஒன்று கேட்கிறாள். தமிழில் அவள் 'ஒரு கோதுமை பீர்' கேட்கிறாள். பச்சை எங்கே போயிற்று என்று வினவினோம். பீர் எப்படிப் பச்சையாக இருக்கும், அச்சுப்பிழை என்று நினைத்து நீக்கிவிட்டேன் என்றார் மொழிபெயர்த்த நண்பர். கூடவே, "எல்லாம் கோதுமை பீர்தானே, இதில் என்ன பேதம் வேண்டிக்கிடக்கிறது? குடிகாரர்களின் ருசி ஆராய்ச்சியை இலக்கியத்துக்குள் கொண்டுவராதீர்கள்" என்றும் சொன்னார். இக்கட்டுரை அந்தப் பதிலுக்கான மறுப்பு.

குடியை உயர்த்திப் பிடிப்பது எங்கள் நோக்கமன்று. ஒரு துளியும் அருந்தாதவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. எங்கள் கவலை பெயர்களைப் பற்றியது. ஒரு பண்பாடு தன் பொருள்களுக்கு வெவ்வேறு பெயரிடுகிறது என்றால், அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் நிலமும் சட்டமும் வரலாறும் இருக்கின்றன. அவற்றை ஒற்றைச் சொல்லால் மூடுவது எளிமை ஆகாது, அது சோம்பல்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஜெர்மன் 'வைஸ்' என்பதற்கு வெள்ளை என்று பொருள். 'வைட்சன்' என்றால் கோதுமை. ஆங்கிலத்தின் 'ஒயிட்', 'வீட்' போலவே இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பழுப்பு நிற பீர்களுக்கு நடுவே வெளிறிக் கலங்கித் தெரிந்ததால் இவை வெள்ளை எனப்பட்டன. பவேரியாவின் வைஸ்பீர், பெர்லினின் வைஸ, பெல்ஜியத்தின் விட்பீர் மூன்றும் 'வெள்ளை' என்றே அழைக்கப்படுகின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று முடிவுகட்டுவதுதான் நண்பரின் பிழை.

பவேரிய வைஸ்பீரில் தானியத்தில் குறைந்தது பாதி கோதுமை மால்ட்டாக இருக்க வேண்டும். ஆனால் அதன் அடையாளம் கோதுமையில் இல்லை, ஈஸ்ட்டில் இருக்கிறது. அந்த வகை ஈஸ்ட் நொதித்தலின்போது ஐசோ அமைல் அசிட்டேட் என்னும் சேர்மத்தை உண்டாக்குகிறது. வாழைப்பழ மணம் அதனால் வருவது. தானியத்திலுள்ள ஃபெருலிக் அமிலத்தை அதே ஈஸ்ட் வேறொன்றாக மாற்றுகிறது. கிராம்பு மணம் அதனால் வருவது. வாழைப்பழமோ கிராம்போ யாரும் போடுவதில்லை. ஈஸ்ட் கலங்கலோடு ஊற்றினால் அது ஹெஃபவைட்சன்; வடிகட்டித் தெளிவித்தால் கிறிஸ்டல்வைட்சன்; கருமை கூடிய மால்ட் சேர்ந்தால் துங்கல்வைட்சன்.

பெர்லினர் வைஸ இதற்கு நேர் எதிர். லாக்டிக் அமில பாக்டீரியா புளிக்கச்செய்யும் பீர் இது. தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவின் உறவினம். மதுச்சத்து ஏறத்தாழ 3 விழுக்காடுதான். வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. கூர்மையான புளிப்பு மட்டும். அந்தப் புளிப்பைத் தணிக்கத்தான் ராஸ்பெரிப் பாகு ஊற்றிச் சிவப்பாகவோ, 'வால்ட்மைஸ்டர்' என்னும் மூலிகையின் பாகு ஊற்றிப் பச்சையாகவோ பெர்லின்வாசிகள் பருகுகிறார்கள். அப்பெண் கேட்ட பச்சை இதுதான். அச்சுப்பிழை அல்ல, ஒரு நகரத்தின் கோடைக்காலம். நண்பர் நீக்கியது ஒரு நிறத்தை அல்ல, ஊரையே.

லைப்சிக் நகரத்தின் கோஸ இன்னொரு திசை. கோஸ்லார் ஊரில் பிறந்து, அங்கு ஓடும் கோஸ ஆற்றின் பெயரைத் தாங்கி லைப்சிக்கில் வேரூன்றியது. புளிப்போடு உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும். பெல்ஜியத்தின் விட்பீரிலோ முளைகட்டாத கோதுமை; கூடவே கொத்தமல்லி விதையும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும். பவேரியாவில் ஈஸ்ட் தானே படைக்கும் மணத்தை இங்கே மனிதக் கை சேர்க்கிறது. இவற்றையெல்லாம் ஒரே சொல்லில் அடைப்பது, மோரையும் பாயசத்தையும் 'பால்பொருள்' என்று மொழிபெயர்ப்பதற்கு ஒப்பானது.

எங்கள் சண்டை ஒரு தரப்போடு மட்டும் முடிவதில்லை. 'எல்லாம் ஒன்றுதான்' என்போருக்கு எதிர்முனையில் 'தூய்மை'வாதிகள் நிற்கிறார்கள். 1516ஆம் ஆண்டின் பவேரியச் சட்டத்தைக் காட்டி, இதுவே அசல், மற்றவை கலப்படம் என்பார்கள். தூய்மை என்ற சொல்லை ஐயத்தோடு அணுகப் பழகிய சிறுபத்திரிகை வாசகர்கள் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அச்சட்டம் அனுமதித்தவை பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றே. கோதுமைக்கு அதில் இடமே இல்லை. அதை மீறித்தான் வைஸ்பீர் வாழ்ந்தது. எப்படி? டேகன்பெர்க் என்னும் பிரபுக் குடும்பத்துக்குத் தனிச்சலுகை இருந்தது. 1602இல் அக்குடும்பம் வாரிசின்றி அற்றுப்போனதும் உரிமை ஆட்சியாளர் முதலாம் மாக்சிமிலியனிடம் போய்ச் சேர்ந்தது. குடிமக்களுக்கு விலக்கப்பட்ட கோதுமையைக் கொண்டே அரசு கருவூலத்தை நிரப்பியது. 'தூய்மைச் சட்டம்' என்ற பெயரே 20ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. விதியின் பெயர் தூய்மை; விதிவிலக்கின் பெயர் ஏகபோகம். இன்று வைஸ்பீரைத் தூய்மையின் சின்னமாக ஏந்துவோர் இந்த நகைமுரணை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அப்படியானால் உப்பும் மல்லியும் சேர்ந்த கோஸவை மட்டும் கலப்படம் என்று சொல்ல இவர்களுக்கு என்ன உரிமை?

ஆக, வகைகளை அறிவது வேறு, அவற்றுக்கு உயர்வு தாழ்வு கற்பிப்பது வேறு. முன்னதை நாங்கள் கோருகிறோம், பின்னதை நிராகரிக்கிறோம்.

'அறியாவிட்டால் என்ன நட்டம்?' என்ற கேள்விக்கு வரலாறே பதில் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் லாகர் பீரின் பெருவெள்ளம் வந்தபோது பவேரிய வைஸ்பீரே மறைந்துகொண்டிருந்தது. 1872இல் முதலாம் கேயோர்க் ஷ்னைடர் கோதுமை பீர் வடிக்கும் உரிமையை அரசரிடமிருந்து பெற்றிராவிட்டால் அதன் கதை வேறாக இருந்திருக்கும். லைப்சிக்கின் கோஸ 1966இல் அடியோடு நின்றுபோனது. 1980களில் லோத்தார் கோல்ட்ஹான் என்னும் தனிமனிதர் பழைய கோஸ விடுதி ஒன்றைப் புதுப்பித்து, அந்தச் சுவையைத் தேடி மீட்டெடுக்க வேண்டியிருந்தது. பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் கடைசி விட்பீர் ஆலை 1950களில் மூடியது. அதை 1960களில் உயிர்ப்பித்தவர் பால்காரரான பியர் செலிஸ். 1985இல் அவர் ஆலை தீப்பற்றியது. மீண்டும் கட்டப் பணம் தந்த பெருநிறுவனத்தின் கைக்கு ஆலையும் போனது. 2005இல் அதன் உரிமையாளர்கள், உற்பத்தியை ஜுபில் என்னும் வேறு ஊருக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். அவர்களுடைய வாதமும் நம் நண்பருடையதுதான்: எங்கே வடித்தால் என்ன, எல்லாம் கோதுமை பீர்தானே! ஊர்மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2007இல் அம்முடிவு கைவிடப்பட்டது. வேறுபாட்டை அறிந்தவர்கள் இருந்ததால் ஓர் ஊர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. வகைகள் என்ன கல்லில் எழுதியவையா, அமெரிக்கர்கள் மாற்றவில்லையா என்பார்கள். மாற்றினார்கள். 1986இல் போர்ட்லாந்து நகரின் விட்மர் சகோதரர்கள் 'ஹெஃபவைட்சன்' என்ற பெயரிலேயே ஒன்றை விற்கத் தொடங்கினார்கள். கலங்கல் இருந்தது, பவேரிய ஈஸ்ட் இல்லை, எனவே வாழைப்பழமும் கிராம்பும் இல்லை. அதை நாங்கள் குறைசொல்லவில்லை. அது தனக்கான தகுதியோடு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. ஆனால் அது புதியது என்று சொல்வதற்கே பழையது எதுவெனத் தெரிந்திருக்க வேண்டும். மரபை அறியாதவன் செய்வது மீறல் ஆகாது, தற்செயல். புதுக்கவிதை பற்றிய விவாதங்களில் நாம் பலமுறை பேசிய விஷயம்தான் இது.

நண்பருக்கு எங்கள் வேண்டுகோள் எளியது. அடிக்குறிப்பு எழுதச் சொல்லவில்லை. மதுவின் ருசியை அவர் அறிந்தாக வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவள் கேட்டதைக் கொடுங்கள் என்கிறோம். 'பச்சை வைஸ' என்று அப்படியே எழுதுங்கள். வாசகர் ஒரு கணம் திகைக்கட்டும்; பீர் பச்சையாக இருக்குமா என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியில்தான் அவர் பெர்லினுக்குள் காலடி வைக்கிறார். அதைக் கேட்கும் வாய்ப்பையே நீக்கிவிட்ட மொழிபெயர்ப்பு எவ்வளவு சரளமாக இருந்தாலும், எங்கள் கணக்கில் அது நிறைவேறாத மொழிபெயர்ப்பே.