சோறு என்ன பாவம் செய்தது?

வல்லத்திலோ செஞ்சியிலோ ஐப்பசி அடைமழையில் நாயின் காது புளித்த வாடை அடித்து, பழுப்பு அழுக்கும் சேர்ந்தால், மலசீசியா என்ற ஈஸ்ட்டைச் சந்தேகிக்கலாம். அது வெளியிலிருந்து வந்த விருந்தாளி அல்ல. நோயில்லாத தோலிலும் குடியிருப்பதுதான். ஈரமும் ஒவ்வாமையும் கூடினால் பெருகிவிடும். உடனே யாராவது, "சோறு சர்க்கரையாகி ஈஸ்ட்டுக்குத் தீனியாகிறது, நிறுத்துங்கள்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை; அந்தக் கூற்றுக்குத் தக்க சான்றும் இல்லை. கோழிக்கறி, பால் போன்றவை ஒத்துக்கொள்ளாத நாய்க்கு உணவை மாற்றிப் பார்ப்பதில் பொருளுண்டு. அதுவும் மருத்துவர் சொன்னபடி, குறைந்தது 8 வாரம், வேறெதுவும் தராமல். பாட்டி ரகசியமாகப் போடும் பிஸ்கட்டும் கணக்கில் சேரும்! வேப்பெண்ணெயைக் காதுக்குள் ஊற்றுவது வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் விபரீதம். டீ ட்ரீ எண்ணெயும் வேண்டாம்; அது நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. தோலிலும் பரவியிருந்தால், மருத்துவர் தரும் குளோர்ஹெக்சிடின், மைக்கோனசோல் ஷாம்பூவை அங்கே 10 நிமிடம் ஊறவிட்டு அலசி, விரலிடுக்குவரை உலர்த்துங்கள். பாதி வைத்தியம் அந்த உலர்த்தலில்தான். திரும்பத் திரும்ப வந்தால் அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரியில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.