கழிவுக்குக் கணக்கு எங்கே?

2010-ம் வருஷம் தில்லி மாயாபுரியில் நேர்ந்த விபரீதத்தை ஜனங்கள் மறந்திருக்கலாம், சர்க்கார் மறக்கலாகாது. தில்லி சர்வகலாசாலையில் சுமார் 25 வருஷமாக உபயோகமின்றிக் கிடந்த காமா கதிர் யந்திரம் ஒன்று, அவ்வருஷம் பிப்ரவரியில் பழைய சாமான்களோடு ஏலம் போயிற்று. பழைய இரும்புக் கடைகளில் அதைப் பிரித்து உடைத்தனர். உள்ளே இருந்தது கோபால்ட் 60. ஏப்ரலில் பலர் ஆஸ்பத்திரிக்குப் போயினர், ஒருவர் மாண்டார். கோபால்ட் 60-ன் வீரியம் சுமார் 5¼ வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகும். அவ்வளவு காலம் சும்மா கிடந்ததில், ஆதியில் இருந்ததில் ஏறக்குறைய 27-ல் ஒரு பங்கே மிஞ்சியிருக்கும். அந்த மிச்சமே உயிரைக் குடித்தது.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? 1962-ம் வருஷத்து அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1987-ல் செய்யப்பட்ட விதிகள் அப்போது அமுலில் இருந்தன. உரிய அதிகாரியின் அனுமதியின்றி எவரும் கதிரியக்கக் கழிவை அகற்றலாகாது என்பது அவற்றின் தெளிவான ஷரத்து. வாசகத்தில் ஓட்டை இல்லை. ஆனால், தன்னிடம் இருப்பது இன்னதென்பதையே உடையவன் மறந்துவிட்டால், அவன் யாரிடம் போய் அனுமதி கேட்பான்? யந்திரத்தை அறிந்தவர் உத்தியோகத்தை விட்டு விலகுகிறார். அறைச் சாவி கை மாறுகிறது. பின்னால் வந்த குமாஸ்தாவுக்கு அது இடத்தை அடைக்கும் இரும்பு, அவ்வளவே. ஏலம் எடுத்தவனோ அதையும் அறியான். அவனுடைய அறியாமையின் மீது பழியைப் போடுவது அந்நிய துரைத்தனத்தாரின் பழக்கம். சுதந்திர ராஜாங்கத்துக்கு அது அடுக்காது.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-ல் வெளியிட்ட அறிக்கை நமது சந்தேகத்தை ஊர்ஜிதம் செய்தது. கதிர்ப் பொருள்கள் அனைத்துக்கும் விவரமான இருப்புப் பட்டியல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் இல்லை என்றும், அகற்றுவதற்காக அனுப்ப அனுமதி பெற்றவை மெய்யாகவே அகற்றப்பட்டனவா என்று சரிபார்க்கத் தக்க ஏற்பாடு இல்லை என்றும் அவர் எழுதினார். மளிகைக் கடைக்காரர் கூட வருஷத்துக்கு ஒரு முறை சரக்கை எண்ணிப் பார்க்கிறார்! பின்னர் வாரியம் இ-லோரா என்னும் கணினி முறையில் உரிமங்களைப் பதியத் தொடங்கியது. வரவேற்கத்தக்கதே. எனினும் அது கேட்டு வருகிறவர்களின் கணக்கு. நாம் அஞ்சுவது, கேட்க மறந்தவர்களைப் பற்றி.

ஆகவே சட்டத்தில் இரண்டு ஷரத்துக்கள் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். கதிர்ப் பொருளை வாங்கும்போதே, அதைக் கடைசியில் அகற்றுவதற்கான தொகையை ஸ்தாபனம் முன்பணமாகக் கட்ட வேண்டும். உபயோகம் உண்டோ இல்லையோ, ஸ்தாபனத்தின் தலைவர் வருஷந்தோறும் பொருளை நேரில் கண்டு கையெழுத்திட வேண்டும். கையெழுத்து வராத இடத்துக்கு அதிகாரி மறுமாதமே போக வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கும் கலாசாலைகளுக்கும் இதனால் செலவு ஏறும் என்பார்கள். ஏறட்டும். அகற்றியதற்கு ரசீது காட்டினால் முன்பணம் திரும்பக் கிடைக்கிறது. பணத்தின் நினைவாவது யந்திரத்தை மறக்கவொட்டாமல் செய்யும்.