மடி கட்டிய ஆடும் பன்னிரண்டு கோடுகளும்



பெயர் குறிப்பிட விரும்பாத சகோதரர் ஒருவர் எழுதியுள்ளார். தமது 2013ஆம் ஆண்டு நிஸான் லீஃப் மின்சாரக் காரை மகளின் திருமணச் செலவுக்காக விற்க எண்ணியுள்ளார். பற்றரியின் நிலையைக் காட்டும் 12 கோடுகளில் 8 மட்டுமே எஞ்சியுள்ளன. "கருவியொன்றின் மூலம் பன்னிரண்டையும் ஒளிரச் செய்து தருவதாகத் தரகர் கூறுகிறார். நான் வாங்கியபோதும் பன்னிரண்டு கோடுகள் இருந்தன. சில வாரங்களில் குறைந்துவிட்டன. ஏமாந்த நான் அவ்வாறே விற்றால் குற்றமா?" என்று வினவுகிறார்.

சகோதரரே, விற்பனைக்கு முன் சில நாள்கள் பால் கறவாது விட்டு, ஆட்டின் மடியைப் பருத்திருக்கச் செய்யும் வழக்கம் அக்கால அரபகத்தில் இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதனைத் தடுத்தார்கள். அறியாது வாங்கியவர் பால் கறந்து பார்த்தபின், விரும்பினால் வைத்துக்கொள்ளவும் இல்லையேல் திருப்பித் தரவும் உரிமை அளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியுள்ளது. தரகர் செய்து தருவதாகச் சொல்வதும் மடி கட்டும் வேலையே. கணக்கை அழித்தால் கோடுகள் சில காலம் நிறைந்து நிற்கும். பற்றரியில் ஓர் அணுவும் கூடாது. தங்களை ஏமாற்றியவர் மீது தங்களுக்குள்ள உரிமையை, அடுத்து வாங்கும் அப்பாவியிடம் வசூலிப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

2015ஆம் ஆண்டளவில் ஜப்பானில் ஓடிய லீஃப் கார்கள் பெருமளவில் இலங்கைக்கு வந்தன. அவற்றின் பற்றரிக்குத் தனிக் குளிரூட்டும் அமைப்பு இல்லை. ஆகவே நம் நாட்டு வெப்பத்தில் தேய்மானம் விரைகிறது. வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில:

முதல் கோடு மறையும்போதே ஏறத்தாழ 15 விழுக்காடு கொள்ளளவு போய்விடுகிறது. அடுத்த ஒவ்வொன்றும் சுமார் 6 விழுக்காட்டைக் குறிக்கும். எனவே 8 கோடுகள் என்றால் மூன்றில் ஒரு பங்கு இழப்பு.

'லீஃப் ஸ்பை' என்னும் கைப்பேசிச் செயலியை, காரில் பொருத்தும் சிறு கருவியுடன் இணைத்தால், பற்றரியிலுள்ள 96 இணைக் கலங்களின் மின்னழுத்தமும் தெரியும். ஒன்று மட்டும் மற்றவற்றினும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் அக்காரைத் தவிர்க்கவும். ஆயினும் செயலி காட்டும் ஆரோக்கிய விழுக்காடும் கணக்கு அழிக்கப்பட்டபின் உயர்ந்தே தோன்றும்.

மறைக்க முடியாத சோதனை ஓட்டமே. முழுமையாக மின்னேற்றி, எச்சரிக்கை விளக்கு எரியும்வரை ஓட்டிக் கிலோமீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 கிலோவாட் மணி பற்றரியுடைய லீஃப், புதிதாக இருந்தபோது அமெரிக்க அரசின் அளவீட்டில் மாதிரிக்கேற்ப 117 முதல் 135 கிலோமீற்றர் வரை ஓடியது. அதனுடன் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். இச்சோதனைக்கு இணங்காதவரிடம் வாங்காதிருப்பதே நலம்.

சகோதரரே, எட்டுக் கோடுகள் என்றே சொல்லி விற்றுவிடுங்கள். நாள்தோறும் பாடசாலைக்கும் கடைக்கும் மட்டும் சென்று வருபவருக்கு அந்தக் காரும் பயன்படும். அதற்குரிய விலையை அவர் மனமுவந்து தருவார். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டென்பது நாயக வாக்கு. மகளின் நிக்காஹ் நடைபெறும் பணம் அத்தகையதாக அமையட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கை வழங்குவானாக. ஆமீன்.