மீண்டும் வெடிக்க விடமாட்டோம்: மார்ச் 1 அன்று தெருவுக்கு வாருங்கள்!



அணு ஆயுதச் சோதனைகளைத் தொடங்கச் சொல்லிவிட்டேன் என்று 2025 அக்டோபர் இறுதியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்தார். சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குத் தந்திருந்த ஒப்புதலை ரஷ்யா 2023-லேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. வெறும் பேச்சுதானே என்று கைகட்டி நிற்கும் நேரமல்ல இது. அடுத்த குண்டு யார் வீட்டுப் பிள்ளையின் கழுத்தில் இறங்கும் என்பதை பசிபிக் தீவான ரோங்கலாப்பின் மக்கள் நமக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளின் பிகினியில் ‘பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டை அமெரிக்கா வெடித்தது. 15 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு. சில மணி நேரத்தில், பொடியாகிப்போன பவளப்பாறை 150 கிலோமீட்டருக்கு அப்பால் ரோங்கலாப்பில் வெள்ளைச் சாம்பலாகக் கொட்டியது. தலையில், சோற்றில், குடிதண்ணீரில். பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள். பக்கத்துத் தீவில் இருந்த 28 அமெரிக்க வீரர்களை மறுநாளே ஏற்றிப் போனார்கள். ரோங்கலாப் மக்களுக்குக் கப்பல் வந்தது மார்ச் 3-ல்.

அந்தச் சாம்பலில் கதிரியக்க அயோடின் இருந்தது. நல்ல அயோடின் எது, நச்சு அயோடின் எது என்று தைராய்டு சுரப்பிக்குத் தெரியாது. வந்ததையெல்லாம் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். குழந்தையின் சுரப்பி சின்னது என்பதால் அதே அளவு அயோடின் அங்கே பல மடங்கு சேதம் செய்யும். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். சில மாதத்தில் அடையாளமே இருக்காது. ஆட்சியாளர்களுக்கு எவ்வளவு வசதி பாருங்கள்! 1957-ல், இனி பயமில்லை என்று சொல்லி மக்களை அதே தீவில் குடியேற்றினார்கள்.

1963-ல் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் முதல் கட்டி தட்டுப்பட்டது. குண்டு வெடித்து ஒன்பது வருடம் கழித்து! பிறகு ஒருவர் பின் ஒருவராக. சாம்பல் விழுந்தபோது பத்து வயது நிரம்பாத ரோங்கலாப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கட்டி வந்தது, சிலருக்குப் புற்றுநோய். அப்போது கைக்குழந்தைகளாக இருந்த இரண்டு பையன்களுக்குச் சுரப்பி வற்றி, வளர்ச்சியே நின்றுபோனது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூட மருத்துவர்கள் வருடந்தோறும் வந்து தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். அறுவைச் சிகிச்சை, தழும்பு, ஆயுள் முழுக்க வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. நம் வீட்டு அம்மாக்களும் அக்காக்களும் போடும் அதே மாத்திரைதான்; ஆனால் நமக்குத் தெருமுனையில் மருந்துக்கடை இருக்கிறது. கப்பலை நம்பிப் பிழைக்கும் தீவில் அது என்ன பாடு!

நஷ்டஈடு? மார்ஷல் தீவுகளுடனான 1986 உடன்படிக்கையில் அமெரிக்கா 15 கோடி டாலர் நிதி ஒதுக்கியது. அதன்படி அமைந்த நஷ்டஈட்டு மன்றம் தீர்ப்பளித்த தொகைக்கு அது போதவில்லை. முழுப்பணம் கைக்கு வராமலே பலர் கண்ணை மூடினார்கள்.

இனி நிலத்தடியில்தானே வெடிப்பார்கள் என்று சமாதானம் சொல்ல ஆள் வருவார்கள். 1970 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவின் நெவாடாவில் ‘பேன்பெரி’ சோதனையும் நிலத்தடியில்தான் நடந்தது. தரை பிளந்து கதிரியக்க மேகம் வெளியே கிளம்பியது. அதிலும் அயோடின்-131 இருந்தது.

நம் அரசும் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. வல்லரசுகள் தங்கள் குண்டுகளை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தடுப்பது பாரபட்சம் என்று 1996-ல் சொன்னார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அதைப் பேசிவிட்டு 1998-ல் பொக்ரானில் நாமே வெடித்தோமே, அதற்கு என்ன பதில்?

மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளில் அணு ஆயுதத்துக்குப் பலியானவர்களை நினைவுகூர்கிறார்கள். அன்று மாலை ஒவ்வொரு ஊரிலும் தெருமுனைக் கூட்டம் போடுங்கள். இந்தியா கையெழுத்திட வேண்டும், மார்ஷல் மக்களுக்கு அமெரிக்கா முழு நஷ்டஈடும் சிகிச்சையும் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, தொகுதி எம்.பி.யிடம் நேரில் கொடுங்கள். மருத்துவத் தோழர்கள் கட்டாயம் மேடையேற வேண்டும்: முழக்கம் போட நாங்கள் இருக்கிறோம், சுரப்பியைப் பற்றி விளக்கிச் சொல்ல நீங்கள்தான் வேண்டும். துண்டறிக்கை அச்சுக்குப் போகிறது. பேசுகிறவர்களின் பெயரை இந்த வாரத்துக்குள் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.