மேனேஜர் போட்ட முட்டை

எங்கள் ஊர் பிரம்மதேசம். உடனே, "அம்பாசமுத்திரம் பக்கத்துல இருக்கே, அதானே சார்?" என்று கேட்காதீர்கள். அது வேற பிரம்மதேசம். தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் ஊர்கள் பல உண்டு. என்னுடையது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் இருக்கிறது. பஸ்ஸில் தூங்கிவிட்டால் கண்டக்டர் உங்களை உப்பளத்தில் இறக்கிவிடுவார். எனக்கு வர வேண்டிய செக் ஒன்று, ஒரு தடவை திருநெல்வேலிப் பக்கமெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தது. நான் போகாத இடத்துக்கெல்லாம் என் செக் போயிருக்கிறது!

இந்த வாரம் ஒரு மேனேஜரைப் பற்றி எழுத வேண்டும். பயப்படாதீர்கள், உங்கள் மேனேஜர் இல்லை. எங்கள் வீட்டு வேலியில் குடியிருந்த பச்சோந்தி.

மேனேஜர் என்று பெயர் வைத்தது நான்தான். பி.காம். முடித்துவிட்டு நாலு வருஷம் ஒரு ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். அங்கே இருந்த மேனேஜருக்கு ஒரு கண் ஃபைல் மேல் இருக்கும், இன்னொரு கண் எவன் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போகிறான் என்று பார்க்கும். பச்சோந்திக்கும் அதே டிசைன். வலது கண் முன்னால் பார்க்கும், இடது கண் பின்னால் பார்க்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. பூச்சி கிடைத்துவிட்டால் மட்டும் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பும். இன்க்ரிமெண்ட் சமயத்தில் நாம் திரும்புவோமே, அப்படி.

நடையும் மேனேஜர் நடைதான். ஒரு அடி முன்னால் வைக்கும், பிறகு அரை அடி பின்னால் ஆடும். மறுபடி முன்னால். ஃபைல் மூவ் ஆகிற ஸ்பீடு. ஆனால் நாக்கு? உடம்பைவிட நீளம். கண் இமைப்பதற்குள் போய் வெட்டுக்கிளியைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடும்.

இப்போது நீங்கள் ஒரு அரசியல் ஜோக்கை எதிர்பார்ப்பீர்கள். கட்சி மாறுகிறவர்களையெல்லாம் பச்சோந்தி என்று திட்டி நமக்குப் பழகிவிட்டது. பாவம் சார் அது! உட்கார்ந்த இடத்துக்கு ஏற்ற மாதிரி அது நிறம் மாற்றிக்கொண்டே இருப்பதில்லை. பயம், கோபம், குளிர், வெயில், ஜோடி தேடுகிற ஆசை, இதற்கெல்லாம்தான் முக்கியமாக மாற்றுகிறது. குளிர்ந்த காலையில் கருத்துப் போகும், சூட்டை வாங்கிக்கொள்ள. தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் படிகங்கள் இருக்கின்றன, அவற்றின் இடைவெளி கூடிக் குறையும்போதுதான் நிறம் மாறுகிறது என்று 2015-ல் ஜெனீவா விஞ்ஞானிகள் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆக, பச்சோந்தி மனசில் இருப்பதை முகத்தில் காட்டுகிற ஜந்து. அரசியலுக்கு லாயக்கே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அதை 'வளர்க்கவில்லை'. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது குற்றம். கூண்டு இல்லை, கயிறு இல்லை. கிளுவை வேலியில் அது பாட்டுக்கு இருந்தது, வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் மாதிரி. என் பையன் காலையில் எழுந்ததும் இலைமேல் தண்ணீர் தெளிப்பான். கிண்ணத்தில் வைத்தால் அது குடிக்காது, இலையில் நிற்கிற சொட்டைத்தான் நக்கும். இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

போன ஐப்பசி. மழை விட்டிருந்த ஒரு வாரம். "ஏங்க, உங்க மேனேஜருக்குத் தொப்பை போட்டிருக்கு பாருங்க" என்றாள் வீட்டுக்காரி.

"மேனேஜர்னா தொப்பை இருக்கத்தான் செய்யும்" என்றேன்.

"தொப்பையா அது? ரெண்டு பெத்தவ சொல்றேன், அது மாசமா இருக்கு."

மேனேஜர் மேனேஜரம்மா ஆனது அன்றைக்குத்தான்.

அடுத்த நாலாம் நாள், பொழுது சாய்கிற நேரம். மேட்டர் அனுப்ப லேட்டாகிவிட்டது என்ற டென்ஷனில் திண்டிவனத்திலிருந்து மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன். வீட்டு வாசல் திருப்பத்தில் முன் சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. கல் என்று நினைத்தேன். கல் இல்லை.

மண் நிறத்தில் இருந்ததால் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நிஜம் என்னவென்றால் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணும் ஒரே பக்கம்!

பையன் ஓடி வந்தான். ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் தெளிக்கிற டப்பாவைக் கொண்டு வந்து அதன் தலைமேல் மெதுவாக ஒரு சொட்டு விட்டான். வாயைத் திறக்கவில்லை. பச்சை, மஞ்சள், பழுப்பு என்று கொஞ்ச நேரம் திட்டுத் திட்டாக ஏதோ வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. சின்ன வயசில் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்து, கல்லால் அடித்து விளையாடியவன் நான். அப்போதெல்லாம் வராதது, அன்றைக்குத் தொண்டையில் வந்து நின்றது.

வீட்டுக்காரிதான் முதலில் கவனித்தாள். "வயிறு ஒட்டிப் போயிருக்கே! மத்தியானம் மதில் போடப்போற எடத்துல இது மண்ணைத் தோண்டிக்கிட்டிருந்துச்சு. முட்டை போட்டுட்டுத்தான் திரும்பி வந்திருக்கு."

மரத்திலேயே காலம் தள்ளுகிற ஜந்து, முட்டை போட மட்டும் தரைக்கு இறங்கும். குழி பறித்து, முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மரத்துக்குத் திரும்பும். அடை காப்பதெல்லாம் கிடையாது. அம்மா முகத்தைப் பிள்ளைகள் பார்ப்பதே இல்லை.

சிக்கல் என்னவென்றால், அந்த இடத்தில் மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் நல்ல நேரத்தில் கடைக்கால் தோண்ட மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மதிலை ஒரு அடி தள்ளிப் போடலாமே என்பீர்கள். அந்தப் பக்கம் இருப்பது என் பங்காளி. ஒரு அடி தள்ளினால் திண்டிவனம் கோர்ட்டில் வாய்தா வாங்க வேண்டியதுதான்.

விடியற்காலையில் மண்வெட்டியோடு இறங்கினேன். வீரமாக ஒரு போடு போட்டேன். மூன்று முட்டை காலி. பல்லி முட்டையைவிடப் பெரிசு, வெள்ளையாக, தோல் மாதிரி மெத்தென்ற ஓடு. கை நடுங்கியது. அடுத்த நாலு முட்டையைக் கையால் எடுத்து, மண்ணாக இருக்கிறதே என்று குழாயடியில் கழுவி, துண்டால் துடைத்து, உருட்டி உருட்டிப் பார்த்தேன்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கற?" என்று ஒரு குரல்.

இருளர் குடியிருப்பிலிருந்து உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பெரியவர். எந்த வளையில் என்ன இருக்கிறது என்பதை இருளர்கள் மண்ணைப் பார்த்தே சொல்வார்கள். ஈ.சி.ஆரில் வடநெம்மேலியில் 1978-லிருந்து அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பேருக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்து ஆள், என் மண்வெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"கோழி முட்டைன்னு நெனைச்சியா? அதைக் கோழி பொரட்டிப் பொரட்டி வுடணும். இதைப் பொரட்டக் கூடாது. மேல இருக்கறது மேலயே இருக்கணும்."

ஊர்வன முட்டைகளுக்கு அவர் சொன்னதுதான் பாடம். உள்ளே வளர்கிற கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் தலைகீழாகத் திருப்பினால் கதை முடிந்தது. வீட்டுக்காரியின் கண் மை பென்சிலை வாங்கி ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் ஒரு புள்ளி வைத்தேன். அவர் கொட்டாங்கச்சியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். பதினாறு முட்டை, ஒன்றுகூட உடையாமல்.

கட்டட வேலைக்கு லாரியில் இறக்கிய மணல் குவியல் பக்கத்திலேயே இருந்தது. "இதிலேயே புதைச்சிடலாமா?" என்றேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு கரிக்குது. இதுல வெச்சா முட்டை வத்திப்பூடும்."

எனக்குச் சுருக்கென்றது. பச்சோந்தி முட்டை மண்ணிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சித்தான் வளரும். உப்பு மண் எதிர்ப் பக்கமாக முட்டையிலிருக்கிற தண்ணீரை இழுத்துவிடும். நெல்லிக்காய் ஊறுகாய் போடுகிற அதே கணக்கு. உப்பளத்து ஆளுக்குத் தெரிந்த இந்த கெமிஸ்ட்ரி காமர்ஸ் படித்தவனுக்குத் தெரியவில்லை.

பழைய குழி மண்ணையே அள்ளி வைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு வனத்துறைக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"எந்த ஊர் சார்?"

"பிரம்மதேசம்."

"அம்பாசமுத்திரமா?"

விளக்கி முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. ஆனால் அந்த மனிதர் தங்கமானவர். "வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போகாதீங்க. கண்ணாடித் தொட்டி, பல்பு எல்லாம் வேணாம். அதே தோட்டத்துல நெழலான எடமாப் பார்த்து, அதே ஆழத்துல, அதே மண்ணைப் போட்டு மூடிடுங்க. குஞ்சு வந்தா தொடாதீங்க, அது பாட்டுக்குப் போகட்டும்" என்றார்.

சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். 1988-லிருந்து ஆமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பு ஒன்று, சீசனில் ராத்திரி ராத்திரியாக மணலில் நடந்து, பங்குனி ஆமை போட்ட முட்டைகளை எடுத்து, பத்திரமான இடத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. ஒரு ஆமை சுமாராக நூறு முட்டை போடும், குஞ்சு வர ஒன்றரை மாசம் போல ஆகும். எனக்கு அந்த வசதி இல்லை. பச்சோந்தி முட்டை பொரிய மாசக் கணக்கில் ஆகும். மடகாஸ்கரில் ஒரு இனம் முட்டைக்குள்ளேயே எட்டு ஒன்பது மாசம் இருக்குமாம். வெளியே வந்து நாலைந்து மாசத்தில் ஆயுள் முடிந்துவிடுமாம். வாழ்ந்ததைவிடக் காத்திருந்தது அதிகம். வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களுக்குப் புரியும்.

முருங்கை மரத்தடியில் புதைத்து, கீரி தோண்டாமலிருக்கச் சுற்றிலும் முள் வைத்தேன். பழைய லெட்ஜரில் பக்கம் ஒதுக்கினேன். வரவு 23. உடைந்தது 3. கழுவியது 4. மீதி 16.

கழுவிய நாலையும் தனியாக ஓரத்தில் புதைத்திருந்தேன். இரண்டு வாரத்தில் அந்த இடத்தில் எறும்பு வரிசை. தோண்டிப் பார்த்தால் மஞ்சளாகச் சுருங்கிப் போயிருந்தன. கழுவியதாலா, உருட்டியதாலா, பயலுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. 'நஷ்டம், என் கணக்கில்' என்று எழுதிக்கொண்டேன். ஏழு ஆயிற்று. அம்மாவோடு சேர்த்து எட்டு.

கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினேன். மார்கழி போனது, பொங்கல் போனது. ஆபீஸ் போகிற என் சிநேகிதன் ஒருவன், "இந்த நேரத்துல நாலு கட்டுரை எழுதியிருந்தா மொபெட்டுக்கு ட்யூ கட்டியிருக்கலாம்" என்றான். கணக்குப் பார்த்தால் அவன் சொன்னது சரி. பங்குனியில் நானே நம்பிக்கை இழந்துவிட்டேன். பையன் மட்டும் தினமும் காலையில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவான்.

சித்திரையில் ஒரு ராத்திரி கோடை மழை கொட்டியது. விடிந்ததும், "அப்பா..." என்று கத்தாமல் கிசுகிசுத்தான். நான் ஓடினேன். மண்ணில் சுண்டு விரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை. முருங்கைக் கன்றின் காம்பில், தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒன்று. ஒரு அடி முன்னால், அரை அடி பின்னால். ஒரு கண் பையனைப் பார்த்தது, இன்னொரு கண் என்னைப் பார்த்தது. என்னைப் பார்த்த கண்ணை என்னால் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பார்த்தோம். மறுநாள் ஒன்று. அது புதுசா, நேற்றுப் பார்த்ததா என்று தெரியவில்லை. காக்கா எத்தனையைக் கொண்டுபோனது, வேலிக்குள் எத்தனை போனது, மண்ணுக்குள்ளேயே எத்தனை தங்கிவிட்டது, தெரியாது. மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டாம் என்று பையன் சொல்லிவிட்டான். லெட்ஜரில் அந்தப் பக்கம் இன்னும் டேலி ஆகவில்லை. பி.காம். படித்த எனக்கு, டேலி ஆகாத கணக்கைப் பார்த்து ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

இப்போது வாசல் திருப்பத்தில் மொபெட்டை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருகிறேன். "பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்று பங்காளி கேட்கிறார்.

"இல்லண்ணே, மேனேஜர் இருக்காங்க" என்கிறேன். ஆபீஸ் போகிற ஆளாச்சே, அவரும் சட்டென்று பீடியை மறைக்கிறார்!